இரண்டு பேருக்கு மூன்று நிழல்

பேய், ஆவி, காத்துக் கறுப்பு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கிறேன், வெளிச்சம் எப்படிப் போகும், எதில் தடைப்படும், நிழல் எங்கே விழும் என்பதைப் பரீட்சைக்குப் பாடமாக்கியவள், அதனாலேயே இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கூடப் படிக்கிற ஒருத்தியிடம் சொன்னபோது, பிலிமைக் கழுவத் தெரியாமல் கழுவியிருப்பாய் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். நீங்களும் அப்படி நினைக்கலாம், நான் கோபிக்கமாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு ஆட்களின் முகத்தைப் படம் எடுக்கிற விசர். மரம், ஏரி, நயாகரா எல்லாம் சொன்ன இடத்தில் நிற்கும், முகம் நிற்காது. அதிலும் எங்கள் ஆட்களை எடுப்பது பெரும் பாடு. அங்கிள்மார் கமராவைக் கண்டதும் பாஸ்போட் படத்துக்கு நிற்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், அன்ரிமார் சீலை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனால் வெளியே வரும்போது யன்னல் வெளிச்சமே போயிருக்கும். ஆனால் எல்லாம் ஒத்துவந்த ஒரு முகம், படம் கழுவ நான் இருட்டாக்கிய குளியலறைக்குள் சிவப்பு பல்ப் வெளிச்சத்தில், தட்டிலிருக்கும் மருந்துக்குள் வெள்ளைத் தாளில் மெல்ல எழும்பி வரும் பாருங்கள், முதலில் தலைமயிரும் கண்மணியும், பிறகுதான் கன்னம், அந்த நேரம் எனக்குப் பசி, படிப்பு ஒன்றும் ஞாபகம் இருக்காது. அம்மாவுக்குத்தான் கரைச்சல். "முகம் கழுவவும் உன்னட்டை அப்பொயின்மென்ற் எடுக்கோணுமோ?" என்று கதவில் தட்டுவார்.

கனடாவில், வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்டில் கீழ்த்தட்டில் பவானி அக்கா இருந்தார், பிக்கரிங்கில் ஒரு பேக்கரியில் வேலை. அவரும் மகள் துவாரகாவும் முதலில் வந்துவிட்டார்கள், கணவர் நேசன் அண்ணை பிறகு, காசு வாங்கி ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு ஏற்றுகிற ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டவர். வழியில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருமுறை போன் எடுத்தாராம், இரண்டு நாளில் அடுத்த இடத்துக்கு ஏற்றுவார்கள் என்றாராம். அதற்குப் பிறகு ஒரு வருசத்துக்கு மேலாக ஒரு சத்தமும் இல்லை. ஏஜென்சிக்காரனின் நம்பரும் வேலை செய்யவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. அக்கா பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார், கோயிலில் மட்டும் யாரோடும் கதைக்காமல் ஓரமாக நிற்பார்.

ஒரு நாள் மேலே வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் மாமியார் படுத்த படுக்கை. மகன் கனடாவுக்கு வந்து சேர்ந்துவிட்டான் என்று அவருக்குப் பொய் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"ஏன் அவன்ர படம் ஒண்டும் வருகுதில்லை எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறாவாம். கண் மூட முதல் ஒருக்கா காட்டோணும், சுதா. உன்னால அவரை எங்களோட சேத்து வைக்க ஏலுமோ?"

ஏலும் என்றேன். எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் எல்லாம் செய்கிற வேலைதான் இது, வெளிநாட்டில் இருக்கிற மகனைக் குடும்பப் படத்தில் ஒட்டிக் கொடுப்பார்கள். ஆள் நிற்க இடம் விட்டுப் படம் எடுக்க வேண்டும், பழைய படத்திலிருந்து அவரை அதே அளவுக்குப் பெரிதாக்கி பிளேட்டால் வெட்டி ஒட்ட வேண்டும், பிறகு அதைத் திரும்பவும் படம் எடுக்க வேண்டும். ஒட்டின ஆளுக்கு நிழல் இருக்காது, அதுதான் காட்டிக்கொடுக்கும், அதைப் பென்சிலால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவருவது பெரிய சீவன் போகிற வேலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினோம். இடது பக்கம் என் லைட் ஒன்று, அதற்குக் கிட்ட அக்கா, நடுவில் கதிரையில் உட்கார்ந்தபடி துவாரகா, வலது பக்கம் வெறும் இடம். எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டேன். அக்கா போய் அந்த இடத்தில் தானே நின்று, தன் நெற்றிக்கு மேல் கையை உயர்த்தி உயரம் காட்டினார், பிறகு இரண்டு கையையும் விரித்துத் தோள் அகலம் காட்டினார். விரித்த கையை உடனே மடக்கவில்லை. நான் லென்ஸைத் துடைக்கிறமாதிரிக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வந்து நின்றதும் அவருக்கு வேறொரு பயம் பிடித்துவிட்டது.

"மூண்டு பேர் நிண்டு படம் எடுக்கக் கூடாதெல்லே. ஒராள் போயிடும் எண்டு சொல்லுவினம்."

"எடுக்கேக்க நீங்கள் ரெண்டு பேர்தானே அக்கா. அவரை நான் பிறகுதானே ஒட்டப் போறன்."

"ஓம் என்ன," என்றார் கொஞ்சம் யோசித்து. "அப்ப அது கணக்கில வராது."

துவாரகா வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே பார் என்றால் "I am looking" என்பாள், திரும்பவும் அங்கேதான் பார்ப்பாள். சின்னப் பிள்ளைகளை எடுப்பதில் இதெல்லாம் வழக்கம் என்று நான் பிலிம் முடியும்வரை கிளிக் பண்ணிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் குளியலறைக்குள் முதல் பெரிய பிரிண்டை மருந்தில் போட்டேன். கறுப்புத்தான் முதலில் வரும் என்றேனே, அக்காவின் கொண்டை வந்தது, துவாரகாவின் கண் வந்தது, அவற்றோடு சேர்த்து வலது பக்கம், ஒன்றுமே இல்லாத இடத்துக்குப் பின்னால், விரிப்பில் ஒரு சாம்பல் நிறம் எழும்பியது. தாள் பழுது என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்க அதற்குத் தோள் வந்தது, கழுத்து வந்தது, தலை வந்தது. ஒரு ஆளின் நிழல். ஒல்லியான ஆள், வலது தோளில் ஒரு பை தொங்குகிற மாதிரி. அக்காவின் நிழல் அக்காவுக்குப் பக்கத்தில் தனியாக விழுந்திருந்தது, துவாரகாவின் நிழலும் அப்படியே. இருந்தது இரண்டு பேர், நிழல் மூன்று.

நம்புவீர்களோ தெரியாது, எனக்கு முதலில் வந்தது சந்தோசம். பென்சில் வேலை மிச்சம் என்று நினைத்தேன். பிறகுதான் அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை என்பது உறைத்தது. அன்று இரவே கீழே போய், லைட்டில் ஒரு பிழை இருக்கிறது என்று அக்காவிடம் சாட்டுச் சொல்லி, விரிப்பைத் திரும்பக் கட்டி, லைட்டை அதே இடத்தில் வைத்து, ஸ்டாண்டை, கதிரையை, என் சொந்த உடம்பை எல்லாம் நகர்த்திப் பார்த்தேன். அந்த இடத்தில் நிழல் விழ வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒருவர் நிற்கத்தான் வேண்டும். என் பௌதிகம் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவுக்குக் காட்டாமல் வேலையை முடிக்கத்தான் நினைத்தேன், ஆனால் மேலே எங்கள் வீட்டுக்கு வந்தவர் மேசையில் கிடந்த பிரிண்டை எடுத்துவிட்டார். நெடுநேரம் பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை. விரலால் அந்த நிழலின் தோளைத் தொட்டார்.

"நல்லா மெலிஞ்சு போனார்," என்றார்.

கலியாணத்துக்கு முதல் எடுத்த படத்திலிருந்த நேசன் அண்ணையை, கொழுத்த கன்னமும் கை மடித்துவிட்ட சேட்டுமாக, வெட்டி அந்த நிழலுக்கு முன்னால் ஒட்டினேன். உண்மையைச் சொன்னால் நான் செய்த ஒட்டு வேலைகளிலேயே திறமானது அதுதான். யாழ்ப்பாணத்துக்குச் சேர்ப்பிக்கச் சொல்லி, யாரோ கொழும்புக்குப் போனவரிடம் அக்கா அதைக் கொடுத்துவிட்டார்.

பனியெல்லாம் கரைந்து முடிந்த பிறகு ஒரு நாள் மச்சாள், அதாவது நேசன் அண்ணையின் தங்கை, யாழ்ப்பாணத்தில் போன் இல்லாததால் கொழும்புக்கு வந்து போன் எடுத்தாராம். அக்கா மேலே வந்து எங்கள் குசினியில் நின்றபடியே எனக்குச் சொன்னார். மாமியின் கையில் படத்தைக் கொடுத்தார்களாம். பார் அம்மா, அண்ணை கனடாவில் எப்படி இருக்கிறார் என்று காட்டினார்களாம். மாமி பெருவிரலால் மகனை மறைத்துவிட்டு அவருக்குப் பின்னால் பார்த்தாராம்.

"முன்னால நிக்கிறவன் பழைய ஆள். பின்னால நிக்கிறதுதான் இப்ப என்ர பிள்ளை எண்டு சொன்னவாவாம்," என்றார் அக்கா. "அதுக்குப் பிறகு படமே கேக்கேல்லையாம். அடுத்த கிழமை கண்ணை மூடிட்டா."

அழவில்லை. அன்றைக்கு எடுத்த மற்றப் படங்களையும் பார்க்க வேண்டும் என்றார். நெகட்டிவ்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தேன், அதுவரை நானும் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை, பார்க்கப் பயம் என்றுதான் சொல்ல வேண்டும். யன்னல் கண்ணாடியில் வரிசையில்லாமல் ஒட்டினேன். நெகட்டிவில் நிழல் வெள்ளையாகத்தான் தெரியும். எல்லாப் படத்திலும் அது இருந்தது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. ஒன்றில் கதிரையோடு ஒட்டி, துவாரகாவின் தலைக்கு மேல் குனிந்து. இன்னொன்றில் கொஞ்சம் தள்ளி. வேறொன்றில் விரிப்பின் விளிம்பில் ஒரு தோளும் பையும் மட்டும்.

நிழல் விளிம்பில் நின்ற துண்டில் அக்கா விரலை வைத்து, ஒவ்வொன்றாகத் தேடித் தேடிக் கதிரைவரை கொண்டுவந்தார்.

"கிட்டக் கிட்ட வாறார் என்ன?"

ஓம் என்றேன்.

பிலிமின் கரையில் கம்பனி அச்சடித்த சின்ன இலக்கங்கள் இருக்கும், எது முதல் எடுத்தது, எது பிறகு எடுத்தது என்று அதைப் பார்த்தால் தெரியும். அக்காவுக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை. அவர் இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். நிழல் கதிரையோடு குனிந்து நிற்கிற படத்தில் இருப்பது முதலாம் இலக்கம். தோளும் பையும் மட்டும் தெரிவதுதான் கடைசி. அந்த மத்தியானம் முழுக்க நேசன் அண்ணை என் கண்ணுக்கு முன்னால் விலகிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார், நான் வெளிச்சம் போதுமா என்று மீற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.