இரண்டு தடவை கட்டின கை

பிசியோதெரபிக்குப் போன முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். பழக்கமான கை எது என்று அதில் ஒரு கேள்வி. என் மகன் யோசிக்காமல் வலது என்று எழுதினான். அவன் மேல் தப்பில்லை. பிறந்ததிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் நான் வலது கையால் சாப்பிடுவதும் பரிமாறுவதும் கோலம் போடுவதும்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமலிருப்பது எனக்கு ரொம்ப நாள் பழக்கம்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, காப்பி டம்ளர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கலாம் என்று குனிந்தேன். கை என்னோடு வரவில்லை. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். பேச்சு போகவில்லை. காலும் பத்து நாளில் சரியாயிற்று. வலது கை மட்டும் நனைத்துப் போட்ட துணி மாதிரித் தொங்கியது.

பயிற்சி கொடுக்கும் பெண் மலையாளி, சின்ன வயது. ஒன்பது குழி உள்ள ஒரு பலகையும் ஒன்பது குச்சியும் என் முன்னால் வைத்தாள். ஒவ்வொன்றாகக் குழியில் நட்டு, பிறகு திரும்ப எடுத்துப் போட வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பாள். வலது கையால் இரண்டு குச்சிக்கு மேல் முடியவில்லை.

"ஸாரமில்லம்மா. இனி மற்ற கை." பரவாயில்லை என்கிறாள்.

இடது கையை எடுத்தேன். ஒன்பதும் போய் உட்கார்ந்து ஒன்பதும் திரும்பி வந்தன. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுகூடி செய்யாமோ?"

இன்னொரு தடவை செய்தேன். முன்னைவிடச் சீக்கிரம்.

"அம்மா இடங்கையாணோ?"

இடது கைக்காரியா என்று கேட்கிறாள். மகன் சிரித்தான். நான் "ஐயோ, இல்லை" என்றேன். எழுபது வயதில் ஒரு பொய். கூச்சம்தான், வேறென்ன.

அதற்குத் தண்டனை அங்கேயே கிடைத்தது. நல்ல கை எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தால் கெட்ட கை கற்றுக்கொள்ளாதாம். அதனால் இடது கையை ஒரு துணி உறைக்குள் விட்டு மணிக்கட்டில் கட்டினாள். பகலில் ஆறு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். சாப்பாடும் வலது கையால்தான்.

அந்தக் கையைக் கட்டுவது அதுதான் முதல் தடவை என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கு நாலு வயதாக இருந்தபோது, என் அம்மா வேட்டிக் கிழிசலால் அதை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் எனக்குச் சோறு போட்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதே கையின் விரல் மொளியில் ஸ்கேலால் அடித்தார். நான் படித்த ஐந்து வகுப்பும் அப்படியே போயிற்று. அதற்குள் இரண்டு கையும் வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டன. நாலு பேர் பார்க்கிற வேலையெல்லாம் வலது கைக்கு. யாரும் பார்க்காத வேலை, யாரும் சொல்லித்தராத வேலை, ஊசியில் நூல் கோப்பது, தீக்குச்சி உரசுவது, புளியில் கொட்டை எடுப்பது, எல்லாம் இடது கைக்கு. இத்தனை வருஷமும் அடுப்படியில் ஒளிந்துகொண்டு உழைத்த கை அது.

உறை போட்ட மூன்றாம் நாள் மத்தியானம். வலது கை கவளத்தை எடுக்கும், வாய்க்கு வரும் வழியில் விட்டுவிடும். மருமகள் ஸ்பூனை எடுத்து, "ஆ காட்டுங்கோம்மா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பல்லால் முடிச்சை இழுத்து உறையைக் கழற்றிவிட்டேன்.

"என்னம்மா பண்றேள்?"

"சாப்பிடப் போறேன்."

உள்ளதைச் சொன்னால், அந்தக் கைக்கும் சாப்பிடத் தெரியவில்லை. அத்தனை வேகமாகக் குச்சி நட்ட கைக்கு, கட்டைவிரலால் கவளத்தை வாய்க்குள் தள்ளும் வித்தை வரவில்லை. தயிர்சாதம் மூக்கில் பட்டது, மோவாயில் வழிந்தது. விடவில்லை. தினமும் தட்டைச் சுற்றிச் சிந்தின பருக்கையைப் பார்ப்பேன். அந்தப் பெண்ணுக்குக் கடிகாரம், எனக்குப் பருக்கை. முதல் நாள் ஒரு பிடி இருந்தது. பத்தாம் நாள் கொஞ்சம்தான். கையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் சிந்தும். மருமகளோடு பேசிக்கொண்டே சாப்பிட்டால் சிந்தாது. வாயாடாத நான் பேசப் பழகினதே அதற்காகத்தான்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி நாத்தனார் இருக்கிறாள். என் கணவருக்கு அக்கா. ஒரு நாள் நான் சாப்பிடும்போது வந்துவிட்டாள்.

"பீச்சாங்கையாலயாடீ திங்கறே? கர்மம்! கழுவற கையாக்கும் அது."

"சோப்புப் போட்டு அலம்பியிருக்கேன் அக்கா."

அவளுக்கு நான் பதில் சொன்னது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தேன்.

அந்த வாரம் பயிற்சிக்குப் போனபோது, "நான் இடங்கைதான். அன்னிக்குப் பொய் சொன்னேன்" என்றேன். "என்னம்மா சொல்றே?" என்று மகன் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அந்தப் பெண் படிவத்தைத் தேடி எடுத்து, வலது என்பதை அடித்துவிட்டு இடது என்று எழுதினாள். "எனிக்கு அன்னே தோணி. சாப்பாட்டுக்கு இந்தக் கை மதி. பக்ஷே வலது கைக்குப் பயிற்சி விடக்கூடாது, கேட்டோ" என்றாள். அன்றைக்கே அவளுக்குத் தோன்றியதாம், சாப்பாட்டுக்கு இடது கை போதுமாம். பயிற்சியை விடாமல் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

பிறகு நாத்தனார் பேரனுக்குப் பூணூல் வந்தது. கோட்டைக்குள் ஒரு மண்டபத்தில். முதல் நாளே என் மகனைக் கூப்பிட்டுச் சொல்லியனுப்பினாள்: பந்தியில் நான் உட்கார வேண்டாம், உள் அறையில் தனியாக இலை போடுகிறாள், மருமகள் ஊட்டட்டும்.

"ஒரு நாள்தானேம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்."

"அறுபத்தஞ்சு வருஷம் பண்ணியாச்சுடா."

பந்தியில்தான் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கம் காலியாக இருந்த இலையில் நாத்தனாரே வந்து உட்காரும்படி ஆயிற்று. அவள் வலது முழங்கையும் என் இடது முழங்கையும் சாம்பாருக்கே முட்டிக்கொண்டன.

"தள்ளி உட்காருடீ."

"இந்தப் பக்கம் சுவர் அக்கா. நீங்க தள்ளிக்கோங்கோ."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இலையை ஒரு முழம் இழுத்துக்கொண்டாள். நல்லதாகப் போயிற்று. என் முழங்கைக்கு இடம் கிடைத்தது.

பாயசம் வந்தது. பரிமாறினவர் என் கையைப் பார்த்துவிட்டு, "கிண்ணத்துல விடட்டுமா மாமி?" என்றார். இலையில் விட்டால் ஓடும். விரலை வளைத்து அணை கட்டி வாரி எடுக்க வேண்டும். அது வலது கைக்கே எனக்கு வருஷக்கணக்கில் பழகி வந்தது. எதிர் வரிசையில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள்.

"இலையிலேயே விடுங்கோ" என்றேன்.

பாதி ஓடிப்போய்த் தரையில் விழுந்தது. மீதியை வாரிச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டேன்.