சவுக்கு மரத்து முடக்கில் ஒரு புது அடி

“…பாக்க ஆசை இல்லாமலா தம்பி? ஆனா ஒண்ணு, பேரனா பேத்தியான்னு வாயத் தொறந்துராதீங்க. மொதல்ல வண்டி முடக்கத் தாண்டட்டும். அதுக்கப்பறம் கேட்டுக்கிறேன்.”

குரல் மட்டும்தான் வந்தது. ஆளைக் காணவில்லை. ராகலைக்கு மேலே, சவுக்கு மரத்து முடக்கு என்கிற வளைவு தொடங்கும் இடத்தில் பஸ்ஸை நிறுத்தி, பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, காதை வெளியே நீட்டிக்கொண்டிருந்தேன். பானெட்டுக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. மலையும் இல்லை, பள்ளமும் இல்லை, பனி மூட்டம்தான். எனக்குப் பின்னால் இருந்த சீட்டில், அந்தக் குரலுக்குரியவரின் மகள், பிறந்து சில நாளே ஆன பிள்ளையைக் கம்பளியில் பொதிந்து மடியில் வைத்திருந்தாள். அப்பாவின் குரல் கேட்டதும் கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே அடக்கிக்கொண்டாள். அவளுக்கும் சட்டம் தெரியும். முடக்கில் தப்பு மேளச் சத்தம் கேட்காதவரைக்கும் எந்த வண்டியும் அசையக் கூடாது.

அந்தச் சட்டத்தை எந்த அரசாங்கக் கந்தோரும் போடவில்லை. அதைப் போட்டவரே அந்தக் குரல்காரர்தான். போடுவதற்குள் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பஸ்களை அரசாங்கம் எடுப்பதற்கு முந்திய காலம் அது. நுவரெலியாவில் எடுத்தால் ராகலை வழியாக மேல் தோட்டம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை. பாதை முழுக்க வளைவுதான். என்றாலும் சவுக்கு மரத்து முடக்கு என்றால் எந்த டிரைவரும் ஒரு தடவை எச்சில் விழுங்குவான். ஒரு பக்கம் மண் மதில், மறு பக்கம் பள்ளம், நடுவில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம். மேலேயிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிய ஃபெக்டரி லொறி இறங்கும். கீழேயிருந்து நான் ஏறுவேன். இரண்டுக்கும் நடுவில், கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் நிறுவைக்குப் போவார்கள். “மூட்டம் எறங்கிருச்சுன்னா இந்த எடத்துல சாமி தேர் வந்தாலும் தடவிக்கிட்டுத்தான் வரணும்” என்பான் என் கண்டக்டர். என் வண்டியில் ஏறிய சனங்கள் இப்படி ஆளுக்கொன்று சொல்லுவார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒவ்வொன்றையும் மனதில் முடிந்து வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்காத படிப்பு அது.

ஹோன் அடித்தால் போதாதா என்று கேட்பீர்கள். அந்த இடத்தில் ஹோன் சத்தம் எதிர் மலையில் முட்டி முதுகுப் பக்கமாகத் திரும்பி வரும். எதிரே லொறி வருகிறதா, என் சத்தமே எனக்குத் திரும்பி வருகிறதா என்று தெரியாது.

ஒரு பிற்பகல், மூட்டத்தில் பின்சக்கரம் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கிவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை. யாரோ வாங்கி வந்த முட்டைக்கோவாக்கள் மட்டும் பள்ளத்தில் உருண்டன. ஆனாலும் அடுத்த வாரம் பஸ் கம்பெனிச் செக்கர் வந்து, இனி ஒரு தடவை இப்படி ஆனால் பஸ் கீழ்ச் சந்தியோடு திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தியிலிருந்து தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தால் மூச்சு முட்டும் ஏற்றம்.

சனங்கள் செக்கரை ஏசித் தீர்த்தார்கள். ஒருவர் மட்டும் ஏசவில்லை. தோட்டத்தில் பெரட்டுக்குத் தப்படிக்கிறவர் அவர். விடிவதற்கு முன் அவர் அடித்தால்தான் ஆட்கள் எழுந்து, பெயர் கொடுக்கக் களத்துக்கு வருவார்கள். அவருடைய மகளுக்கு முதல் பிள்ளை லயத்துக் காம்பராவிலேயே பிறந்து தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை மாதாமாதம் நுவரெலியா ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், பிரசவமும் அங்கேதான் என்று டிஸ்பென்சரி ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“தம்பி, எம்மவ சந்தியிலேருந்து நடந்து ஏற மாட்டா. ஒங்க பஸ்சு மேல வந்தே ஆவணும். அதுக்கு என்ன செய்யணுமோ சொல்லுங்க” என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். லயத்துக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் கேட்டு வாங்கி, முடக்கின் ஓரத்துக் கல்லுக்கெல்லாம் பூசினோம். வெயிலில் அது கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது. மூட்டம் இறங்கியதும் ஒரு கல்லையும் காணோம். நிறுவைக்குப் போன ஒரு பெண் சாக்கை இறக்காமலே நின்று, “ஏண்ணே, சோத்துக்குள்ளயா உப்பத் தேடுறீங்க?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் பின்னால் வந்த வரிசை முழுக்கச் சிரித்தது. அடுத்த நாள் ஒன்றுவிட்டு ஒரு கல்லுக்குத் தார் பூசினோம். கறுப்பு தெரிந்தது. பள்ளம் எங்கே என்று கண் பிடித்துக்கொண்டது. ஆனால் எதிரே வருகிற லொறிக்குத் தார் பூச முடியுமா?

“கண்ணு வேலைக்காவலன்னா காத வேலைக்கு எடுத்துக்குவோம்” என்றார் தப்புக்காரர். முடக்கின் நடுவில் மதிலோரம் அவர் நிற்பது. மேலும் கீழும் வண்டிச் சத்தம் அங்கே நின்றால்தான் தெளிவாகக் கேட்கும். ஒரு வண்டி முடக்குக்குள் நுழைகிறது என்று தெரிந்தால் தப்படிப்பது. அடி கேட்டால் எதிர்வண்டி நிற்கும், நடக்கிறவர்கள் ஒதுங்குவார்கள். லொறியின் மட்காட்டும் ஒரு தடவை மதிலில் உரசியிருந்ததால் தோட்டத்துத் தொரையும் தலையாட்டினார். மூட்டம் இறங்கும் நேரத்துக்கு அவருக்கு அதுவே வேலை என்றாகிவிட்டது.

முதல் நாள் என் வண்டிச் சத்தம் கேட்டதும், கை பழகிய பெரட்டு அடியை அடித்தார். நான் ஏறி வந்தால், மூட்டத்துக்குள்ளிருந்து சனம் வந்துகொண்டே இருக்கிறது! அன்றைக்கு அரை நாள் வேலை முடித்து லயத்தில் இருந்தவர்களெல்லாம் கூடையும் கம்பளியுமாக. கங்காணி தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே ஓடி வருகிறார். “என்னய்யா இது, ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி விடியுதா?” என்று அவர் கத்தியது எனக்கு எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அந்த முடக்கு அத்தனை கூட்டத்தை அதற்கு முன் கண்டதில்லை.

சரி, பெரட்டு அடி வேண்டாம் என்று அடுத்த நாள் சாவு அடியை அடித்தார். பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு, “ஐயோ யாரு போனது?” என்று ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். நாலைந்து மாதமாகப் படுக்கையில் கிடந்த ஒரு தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, “நான் இந்தா இருக்கேன். அதுக்குள்ள எவன் அடிக்கச் சொன்னது?” என்று சண்டைக்கு நின்றார். அன்றிலிருந்து அவர் எழுந்து நடமாடத் தொடங்கியது தனிக் கதை.

மூன்றாவதாக மிஞ்சியது, மாசியில் ரதி மன்மதன் கதை ஆடும் காமன் கூத்து அடி. அது கேட்டதும் இளவட்டங்கள் ஆடிக்கொண்டே முடக்குக்கு வந்தார்கள். “மாசி வரல, அதுக்குள்ள ரதிக்குக் கல்யாணமா மாமா?” என்று ஒருத்தன் அவரைச் சுற்றிச் சுற்றி ஆடினான். நான் பிரேக்கை மிதித்தபடி ஆட்டம் முடியும்வரை காத்திருந்தேன்.

அன்று அவர் என் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். “நம்ம சனத்துக்கு ஒவ்வொரு அடிக்கும் ஒரு அர்த்தம் இருக்கு தம்பி. சும்மா கெடக்குற அடி ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல.”

“இல்லைன்னா புதுசா ஒண்ணு செஞ்சுருங்கண்ணே.”

“அது என்ன ரொட்டியா, சுட்டு எடுக்க?”

சொன்னாரே தவிர, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவுக்கு வந்து, திரும்பும் வழி முழுக்க என் பக்கத்தில் நின்று, எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தார். ஏற்றத்தில் நான் இரண்டாம் கியர் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். “ஒங்க வண்டி ரெண்டு தடவ முக்குது, ஒரு தடவ இருமுது. கவனிச்சிருக்கீங்களா?” என்றார். இத்தனை வருடம் ஓட்டுகிறேன், அன்றுதான் கவனித்தேன். டும்ம்… டும்ம்… டகட. அதுதான் பஸ் அடி. ஒரு வாரத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் அதற்குச் சொல்லும் கட்டிவிட்டார்கள்: ஒதுங்கு… ஒதுங்கு… மதிலுல. அந்த அடி கேட்டால் கூடையை எடுக்க ஆளில்லை, அழ ஆளில்லை, ஆட ஆளில்லை. எல்லோரும் மதிலில் முதுகை ஒட்டி நின்றார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். தப்புத் தோல் இருக்கிறதே, ஈரம் பட்டால் தளர்ந்துவிடும். நெருப்பில் காட்டினால்தான் விறைக்கும். அதற்காக மதிலோரம், கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியைப் போட்டு ஒரு கணப்பு வைத்திருந்தார். ஒரு நாள் மூட்டத்தோடு தூறலும் சேர்ந்துகொள்ள, கணப்பு புகைந்து அணைந்துவிட்டது. அவர் அடித்த அடி பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை. சத்தமில்லை, ஆகவே பாதை காலி என்று நானும் ஏறினேன். அதையே நினைத்து லொறியும் இறங்கியது. இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு வைத்த மாதிரி நின்றன. இடையில் ஒரு கையை நுழைக்கலாம், அவ்வளவுதான். லொறி டிரைவர் சிங்களவர், நல்ல மனுஷன். அவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார்.

தப்புக்காரர் நனைந்த தப்பை மடியில் வைத்து வேட்டியால் துடைத்தார். பிறகு எழுந்தார்.

“நாம தலகீழா வச்சிட்டோம் தம்பி. இனி அடிச்சா வா. அடிக்கலைன்னா நில்லு. ஏறுற வண்டிக்கு பஸ் அடி, எறங்குற வண்டிக்கு ஒத்த அடி. தோலு செத்தாலும் சரி, நானே செத்துக் கெடந்தாலும் சரி, வண்டி நிக்கணும்.”

அதுதான் அந்தச் சட்டம். லொறி டிரைவர் அதைத் தன் சிநேகிதர்களிடம் சொல்ல, அந்தப் பாதையில் வரும் சிங்கள டிரைவர்கள் முடக்குக்கு முன் வண்டியை நிறுத்தி, தலையை நீட்டி, “பெரே கோ, ஐயே?” என்று தப்பு எங்கே என்பதைக் கேட்கத் தொடங்கினார்கள். கம்பெனிச் செக்கர் ஒரு மூட்ட நாளில் சொல்லாமல் கொள்ளாமல் ஏறி உட்கார்ந்தார். திரும்பி வரும்போது முடக்குக்கு முன்னால் தன் பக்கத்துக் கண்ணாடியைத் தானே இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்தார். இனி பஸ் கீழ்ச் சந்தியோடு திரும்பாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பருவம் முழுக்க ஒரு சக்கரம் கானில் இறங்கவில்லை. மகளும் மாதாமாதம் என் வண்டியிலேயே போய் வந்தாள்.

இப்போது அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன். காலை நடையில் முடக்கில் நிறுத்தி, “அண்ணே, இன்னைக்கு ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி ஒங்க மகள வீட்டுக்கு அனுப்புறாங்களாம். பொழுதுபடக் கொண்டாந்துருவேன்” என்று சொல்லியிருந்தேன். கொண்டுவந்தும் விட்டேன். முடக்கில் தப்புச் சத்தம் இல்லை.

“மனுஷன் பேரப்புள்ள நெனப்புல தப்ப மறந்துட்டு வீட்டுல குந்தியிருப்பாரு. எடுங்க டைவரண்ணே வண்டிய!” என்றார் பின்சீட்டுக்காரர் ஒருவர்.

“பச்சப்புள்ளைக்குக் குளிரு பட்டுரும்ப்பா” என்றாள் ஒரு அம்மா.

எனக்கும் கால் துருதுருத்தது. கண்ணாடிக்கு வெளியே, “அண்ணே! கொண்டாந்துட்டேன்! புள்ளையப் பாக்க ஆசையில்லையா?” என்று கத்தினேன். அதற்குத்தான் அவர் அந்தப் பதிலைச் சொன்னார், வண்டி மொதல்ல முடக்கத் தாண்டட்டும் என்று.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. மேலேயிருந்து ஒரு லொறி முடக்கைச் சுற்றி வந்தது. எங்கள் பக்கத்து லொறி இல்லை. வேறெங்கோ இருந்து வந்தது, சட்டம் தெரியாதது, வந்த வேகத்தை இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை. நாங்கள் நின்ற இடம் அகலமாக இருந்ததால் பஸ்ஸை ஒட்டிப் போய் மூட்டத்துக்குள் மறைந்தது. அதன் சத்தம் முன்கூட்டியே காதில் விழுந்ததால்தான் அவர் அடிக்காமல் நின்றிருக்கிறார். கண்டக்டர் வெளியே நீட்டியிருந்த கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். கடைசியில் அந்தப் பின்சீட்டுக்காரர்தான் பேசினார். “இனி இந்த முடக்குல நான் வாயத் தொறந்தா என்ன எறக்கி விட்டுருங்க.”

கணப்பு படபடவென்று எரியும் சத்தம் கேட்டது. தோலை விரலால் தட்டிப் பார்க்கும் சத்தம். பிறகு அடி. டும்ம்… டும்ம்… டகட. நான் கியரைப் போட்டேன். எஞ்சினும் தப்பும் ஒன்றாக முக்கி, ஒன்றாக இருமி, முடக்கில் ஏறின. நடுவில் அவரைக் கடந்தபோது ஜன்னல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கண் மேலேயிருந்து இறங்கும் பாதையிலேயே இருந்தது.

தாண்டி, அகலமான இடத்தில் நிறுத்தினேன். “தாண்டியாச்சுண்ணே!” என்றேன். மகள் என்னைச் சொல்ல விடவில்லை. கம்பளியோடு பிள்ளையை ஜன்னலருகே பிடித்து, “பேத்திப்பா” என்றாள்.

அவர் வந்து, கரி படிந்த கையை வேட்டியில் அழுத்தித் துடைத்து, ஒற்றை விரலால் பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று, தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் அடியை அடித்தபடி நடக்கத் தொடங்கினார். இனி முடக்கே இல்லை, அடிக்கத் தேவையும் இல்லை. நான் முதல் கியரில் அவர் பின்னால் ஊர்ந்தேன். மூட்டத்துக்குள் அடியைக் கேட்ட சனமெல்லாம் வழக்கம்போல மதிலோரம் ஒதுங்கி, தேர் பார்க்க நிற்கிற மாதிரி வரிசையாக நின்றார்கள். அவர் யாரையும் பார்க்காமல், ஒவ்வொரு சுற்று முடிவிலும் அதுவரை நான் கேட்டிராத ஒரு சின்ன அடியைக் கூடச் சேர்த்துக்கொண்டு, லயத்து வாசல் வரைக்கும் அடித்துக்கொண்டே போனார்.