அக்கரையைக் காட்டிய அம்பு

வழி கேட்பது எனக்குத் தண்டனை மாதிரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, லேத் பட்டறை, லாரி என்று சுற்றிவிட்டு, கோயமுத்தூரில் ஒரு பவுண்டரி முதலாளி வீட்டில் கார் ஓட்டச் சேர்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன். வண்டி என் சொல் கேட்கும். ஆனால் தெரியாத ஊரில் கண்ணாடியை இறக்கி, பெட்டிக்கடையில் நிற்கிறவரை "ஏனுங்க" என்று கூப்பிட வேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்காமலே நாலு தெரு சுற்றுவேன். என்னோடு போனால் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டு வரலாம் என்று அந்த வீட்டில் சிரிப்பார்கள்.

அதனால் தொண்ணூறுகளின் கடைசியில் முதலாளி வாங்கிய காரில் வழி காட்டும் திரை இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குத்தான் அதிக மகிழ்ச்சி. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய கார் அது. சாவியைத் திருப்பினால் ஒரு பெண்குரல் அந்த நாட்டு மொழியில் மரியாதையாக ஏதோ சொல்லும். திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு சிவப்பு முக்கோணம். அதுதான் நாங்கள். ரோடும் இல்லை, ஊரும் இல்லை. உள்ளே இருந்த சி.டி. தட்டில் ஜப்பான் வரைபடம் மட்டும்தான் இருந்தது. நம்மூர்த் தட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் முதலாளி.

முதலாளியின் தங்கையை மணந்த மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து அப்போது விடுமுறைக்கு வந்திருந்தார். அவரிடம் கையில் பிடிக்கும் கருவி ஒன்று இருந்தது, செங்கல் மாதிரி கனமாக. அதிலும் வரைபடம் கிடையாது. போக வேண்டிய இடத்தில் ஒருமுறை நின்று பொத்தானை அழுத்திவிட்டால், பிறகு எங்கிருந்தாலும் அந்த இடம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓர் அம்பு காட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. சத்தியமங்கலம் பக்கம், பவானி ஆற்றங்கரையில் அவர்கள் குலதெய்வக் கோயில். மாப்பிள்ளைதான் தாய்மாமன். அவர் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம். வீட்டுப் பெண்கள் சீர்த்தட்டுகளோடு முந்தின நாளே வேனில் போய்விட்டார்கள். மாப்பிள்ளை முந்தின வாரம் கோயிலுக்குப் போய்ப் பொத்தானை அழுத்தி வைத்திருந்தார். ஆனால் போனது வேறொருவர் வண்டியில், தூங்கிக்கொண்டே.

காலையில் முதலாளியையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சரவணம்பட்டி தாண்டும்போது முதலாளி பேச்சைத் தொடங்கினார்.

"ஏனுங்க மாப்ளே, உங்க செங்கல்லு செயிக்குதா, என்ற வண்டி செயிக்குதான்னு பாத்துபோடலாமுங்களா?"

"பாக்கலாமுங்க மச்சான். ஆனா உங்க வண்டி இப்ப நடுக்கடல்ல போயிட்டிருக்குதுங்க."

"திரும்புனா அதுவும் திரும்புதல்ல? அது போதும்."

"சரி, வழியில ஒருத்தரையும் கேக்கக் கூடாது. கேட்டா நீங்க தோத்தீங்க."

யாரையும் கேட்கக் கூடாது என்றதும் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. புளியம்பட்டி வரைக்கும்தான் அந்த நிம்மதி.

கருவிக்கு வானம் தெரிய வேண்டும். கார்க் கூரைக்குள் அதற்கு ஒன்றும் புரியாது. மாப்பிள்ளை அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார். புளியமரங்கள் வந்தால் அம்பு காணாமல் போகும், வெட்டவெளி வந்தால் திரும்பி வரும். "லெப்ட், லெப்ட்" என்றார். லெப்டில் ரோடு இல்லை, வாழைத்தோட்டம் இருந்தது. அடுத்த பிரிவில் திருப்பினேன். தூரம் குறைந்தது. அவருக்கு உற்சாகம். வாய்க்கால் கரையில் வண்டி குலுங்கிப் போனது. திரையின் பெண் எதற்கோ மன்னிப்புக் கேட்பது போலப் பேசினாள். சைக்கிளில் ஒருவர் எதிரே வந்தார். இவரைக் கேட்டுவிட்டால் தேவலை என்று முதன்முறையாக எனக்கே தோன்றியது. பந்தயத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். சைக்கிள் போய்விட்டது.

"இன்னும் கொஞ்சந்தானுங்க மச்சான். நேரா போகச் சொல்லுங்க."

நேராகப் போனேன். தென்னந்தோப்பு முடிந்தது, பாதையும் முடிந்தது. முன்னால் ஆறு. அணையில் திறந்துவிட்ட தண்ணீர் கலங்கலாக ஓடியது. அக்கரையில் கோயில், சாமியானா, வேன், பட்டுச்சேலைகள். மைக்கில் யாரோ தாய்மாமனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை இறங்கி அம்பைப் பார்த்தார். அது கோயிலைத்தான் காட்டியது.

"செங்கல்லுக்கு ஆறு தெரியாதுங்களா மாப்ளே?" என்றார் முதலாளி.

"உங்க கடலுக்கு மட்டும் தெரிஞ்சுதுங்களா?"

பாலம் வழியாகச் சுற்றிப் போனால் நேரம் தாண்டிவிடும். இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. கொஞ்சம் மேலே, நாணல் ஓரமாக ஒரு பரிசல் கிடந்தது. பரிசல்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. திரும்பி ஓடி, காருக்குள் கையை விட்டு ஹாரனை அழுத்தினேன், அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

பரிசல்காரர் துடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். "ஊர் பத்தி எரியுதுங்களா? இந்த அடி அடிக்கறீங்க."

"தாய்மாமனுங்க," என்று மாப்பிள்ளையையும் அக்கரையையும் காட்டினேன். அவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அட, உங்களத்தான் அங்க கரடியாக் கத்திட்டிருக்கறாங்களா? பேண்டச் சுருட்டிட்டு ஏறுங்க. நடுவுல குந்துங்க."

மாப்பிள்ளை மட்டும் ஒரு கையில் கருவியோடு ஏறி உட்கார்ந்தார். பரிசல் சுற்றிச் சுற்றிப் போனது. ஒருமுறை அவர் முகம் எங்களைப் பார்த்தது, ஒருமுறை கோயிலை. கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் கூட்டம் அவரைச் சாமியானாவுக்குள் இழுத்துக்கொண்டது. அப்புறம் இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை.

முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பதும் அக்கரையைப் பார்ப்பதுமாக நின்றார். எனக்கும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. டயரைப் போய்த் தட்டினேன். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தேன். மைக்கில் பாட்டு நின்றது. கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

பிறகு குழந்தை வீறிட்டு அழுவது மைக்கில் ஆறு முழுக்கக் கேட்டது.

"ஒண்ணு," என்றார் முதலாளி. மணி பார்த்தார். "இன்னொண்ணு ஆவோணுமே."

அழுகை விக்கலாகக் குறைந்தது. யாரோ மிட்டாய் தருகிறேன் என்று கொஞ்சினார்கள். நான் துடைப்பதை நிறுத்தினேன். மறுபடியும் அழுகை, முதலில் வந்ததைவிடப் பெரிதாக.

"ரெண்டும் ஆச்சு. இன்னும் ராகுகாலம் பொறக்கல," என்றார். காரின் மேல் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பந்தலுக்குப் போய் சாப்பாடாச்சும் சாப்பிடலாம். வண்டிய எடு. பாலம் எங்கன்னு அந்தத் தோப்புல யாரையாச்சும் கேளு."

தோப்பில் ஒருவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். வண்டியை அவர் பக்கம் மெதுவாக விட்டேன். முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே கண்ணாடியை இறக்கினார்.