காவல் புரதம் எழுந்து நின்ற நாள்

வீட்டில் அவளுக்குச் 'சந்தேகம்' என்றுதான் பெயர். சின்ன வயதில், பால் பொங்கிவிட்டது என்று அக்கா கத்தினால்கூட, அடுப்படிக்குப் போய்க் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புவாள். பிற்காலத்தில் அந்தக் குணமே சோறு போட்டது. புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியானாள். ஒரே ஒரு புரதத்தின் பின்னால் தலை நரைக்கும்வரை அலைந்தாள்.

அந்தப் புரதம் செல்லுக்குள் இருக்கும் காவல்காரன். செல்லின் டி.என்.ஏ. என்கிற மரபுச் சங்கிலி அறுந்தால், பெருகாதே என்று தடுத்து நிறுத்தும். பழுது கைமீறிப் போய்விட்டால் அந்தச் செல்லைத் தானாகவே சாகவைக்கும். நம் எல்லோர் உடம்பிலும் நமக்குத் தெரியாமலே நடக்கிற காரியம் இது. சில கட்டிகளில் மட்டும் சங்கிலியில் ஓர் எழுத்து பிசகி, புரதத்தின் மேல் சின்னதாக ஒரு குழி விழுந்திருக்கும். அவ்வளவுதான், உடம்புச் சூட்டுக்கே தாங்காமல் அது குலைந்துபோகும். செல் கேட்பாரற்றுப் பெருகும்.

அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்து புரதத்தைத் தாங்கிப் பிடிக்கிற மூலக்கூறு ஒன்று கிடைக்காதா என்பதுதான் அவள் தேடல். பக்கத்து ஆய்வகத்து வேதியியல்காரர் ஒவ்வொன்றாகச் செய்து கொடுப்பார். ஒன்று கரையாது, ஒன்று ஒட்டாது, இன்னொன்று நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்லும்.

"இந்தாங்க, அடுத்த மாப்பிள்ளை. இவனையாவது தட்டிக் கழிக்காதீங்க" என்று குப்பியை நீட்டுவார்.

இதற்கிடையில் அக்காவுக்கே மார்பில் கட்டி வந்தது. அக்கா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்குக் கேட்கப் பேசிப் பேசி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவாள். அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, தலையில் முடி மறுபடி முளைத்துக்கொண்டிருந்த சமயம் கேட்டாள்.

"ஏன்டி, எனக்குள்ள இருந்துச்சே, அது எப்படித்தான் இருக்கும்? ஒரு தடவை கண்ணுல காட்டேன்."

"பார்த்து என்னக்கா பண்ணப் போற?"

"நீ மட்டும் எதையும் பார்த்துட்டுத்தான் நம்புவ. நான் பார்க்கக் கூடாதா?"

அனுமதி வாங்கி, வெள்ளை அங்கி மாட்டிவிட்டு அழைத்துப்போனாள். நுண்ணோக்கி அறை இருட்டாக, சில்லென்று இருந்தது. புதுக் குப்பியின் மருந்தை ஊற்றிய புற்றுச் செல்களைக் கருவி விட்டு விட்டுப் படம் பிடித்துவைத்திருந்தது. புரதம் கண்ணுக்குத் தெரிவதற்காக, ஜெல்லி மீனிடமிருந்து கிடைத்த, பச்சையாக ஒளிரும் பொருளை அதோடு கோத்திருந்தாள். பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லாமல்தான் படங்களை வரிசையாக ஓட்டினாள்.

முதலில் பச்சை, செல்லெங்கும் திட்டுத் திட்டாகக் கட்டிக் கிடந்தது.

"அழகா வேற இருந்து தொலையுது" என்றாள் அக்கா.

பிறகு ஒரு செல்லில் திட்டுகள் கரைந்தன. பச்சை மெல்ல நடுவே போய், மரபுச் சங்கிலி இருக்கும் இடத்தில் நிறைந்து நின்றது. பக்கத்துச் செல்லிலும் அப்படியே. பெருகிக்கொண்டிருந்தவை நின்றன. ஒன்று உருண்டு, கொப்புளித்து, ஓசையில்லாமல் உதிர்ந்தது.

அக்காவின் குரல் அடங்கிப்போனது. "செத்துருச்சா? உன் மருந்துதான் கொன்னுச்சா?"

"இல்லக்கா. மருந்து புரதத்தைத் தூக்கி நிறுத்துச்சு, அவ்வளவுதான். செல் தானாவே போயிடுச்சு. அந்தப் புத்தி இத்தனை நாளும் அதுக்குள்ளயேதான் இருந்திருக்கு."

எத்தனையோ கட்டுரைகளில் எழுதிய விஷயம்தான். ஆனாலும் சொல்லும்போதே அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"எனக்கும் இதே கோளாறுதானா?"

"உன்னோடது வேறக்கா."

"பரவாயில்ல. இன்னொரு தடவை ஓட்டு."

ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, மருந்து ஊற்றாத தட்டில் செல்கள் வழக்கம்போலப் பெருகியிருந்தன. அப்படியும் அவள் நம்பவில்லை. வேதியியல்காரரை அதே மருந்தைப் புதிதாகச் செய்து தரச் சொல்லி, மறுபடி மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு முறையும் புரதம் எழுந்து நின்றது.

எலிகளில் கட்டி சுருங்கியது, ஆனால் ஈரல் தாங்கவில்லை. அது மருந்தாகவில்லை. ஈரலைக் கெடுக்காத வடிவத்தை இப்போது அவளோடு வேறு சில ஆய்வகங்களும் தேடுகின்றன. கூட்டங்களில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டும்போது, பச்சை உள்ளே நகரும் இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவாள். விளக்கம் சொல்லவேண்டிய இடம்தான். அவளோ இன்னொரு தடவை ஓட்டுவாள்.