சாமுண்டி மலைப் படியில் ஸ்பானிஷ் வகுப்பு

இன்று காலை சாமுண்டி மலைப் படியில், ஒரு கையில் கொய்யா, மறு கையில் போன், போனில் ஸ்பானிஷ் வகுப்பு.

"டிஸ்ஃப்ருதார்னா அனுபவிச்சு சந்தோஷப்படறது. முன்னாடி மரத்துல பழம் பறிக்கறதைத்தான் அப்படிச் சொன்னாங்க. இங்கிலீஷ்ல ஃப்ரூட், சிக்கனத்தைச் சொல்ற ஃப்ரூகல் எல்லாம் அதோட சொந்தக்காரங்க," என்றார் டீச்சர்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய குரங்கு என் மணிக்கட்டைப் பிடித்துப் பல்லைக் காட்டியது. ரேபிஸ் ஊசிதான் நினைவுக்கு வந்தது.

"பழத்தை விட்ருங்க மேடம்! அது கண்ணைப் பாக்காதீங்க, கடிச்சிரும்!" என்று கொய்யா விற்ற அக்கா அலறினார்.

விட்டேன். நகம்கூடப் படவில்லை.

"டிஸ்ஃப்ருதாருக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க," என்று டீச்சர் சரியாக அப்போது என்னைக் கூப்பிட்டார்.

என் கொய்யாவை ரசித்துத் தின்றுகொண்டிருந்த குரங்கின் பக்கம் கேமராவைத் திருப்பினேன்.

மார்க் யாருக்கு, நீங்களே சொல்லுங்கள்.