சத்தியம் ஏறிய சட்டப் புத்தகம்

மலைமேல் வளப்பூர் நாட்டுச் சட்ட நூலகத்தை நூலகர் செல்லமுத்து திறந்து வைத்திருந்தார் என்று சொன்னால் போதாது. மல்லுக்கட்டித் திறந்து வைத்திருந்தார். மேலிடத்தில் நிதியைக் குறைத்தார்கள், பத்திரிகை நின்றது. இன்னும் குறைத்தார்கள், அவர் சம்பளமே நின்றது. மனிதர் அசரவில்லை. மிளகுத் தோட்டத்து வேலையை முடித்துக்கொண்டு தினமும் வந்து கதவைத் திறந்தார்.

பட்டாவோ எல்லைத் தகராறோ, மலைச்சனம் சட்டத்தைத் தாங்களே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. சனங்கள் படிக்கவா வந்தார்கள்? செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, இருப்பதிலேயே தடித்த புத்தகத்துக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தார்கள். கோயிலில் செய்தால் சாமி சில சமயம் மன்னித்துவிடுமாம், சட்டம் மன்னிக்காதாம்!

"அட, அது வெறும் காயிதமுங்க! எரிச்சுப் போடாதீங்க!" என்று செல்லமுத்து தொண்டை கிழியக் கத்துவார். யார் கேட்டார்கள்?

போன மாதம் கருப்பண்ணனும் பொன்னாயியும் வந்தார்கள். அடுத்தடுத்த காட்டுக்காரர்கள். வரப்புப் பலாமரம் யாருக்கு என்று வருடக்கணக்கில் சண்டை, பேச்சுவார்த்தை கிடையாது. சர்வேயர் அளக்கும்வரை பழத்தைத் தொடமாட்டோம் என்று அந்தத் தடித்த புத்தகத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சத்தியம் தீருமுன்பே மேலிடத்து ஜீப் வந்தது. "செலவு கட்டுப்படியாகலைங்க, மூடச் சொல்லிட்டாங்க," என்றார் அதிகாரி அர்த்தனாரி. "உண்மையைச் சொல்லுங்க, இங்க யாராச்சும் படிக்கறாங்களா?"

செல்லமுத்துவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லீங்க சார்."

டிரைவர் ராசப்பன் புத்தகங்களை ஜீப்பில் ஏற்ற ஆரம்பித்தான். தடித்த புத்தகத்தின் குங்குமத்தைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டான். "ஏனுங்க, இதென்ன?"

"சத்தியம் ஏறுனது சாமி," என்றது வாசலில் கூடிவிட்ட கூட்டம். "கருப்பண்ணனும் பொன்னாயியும் செஞ்சது இன்னும் பாக்கி. அவிய வந்து திருப்பி எடுக்காம நகத்துனா, நகத்துனவன் குடும்பம் வெளங்காது."

"எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குதுங்க சார்," என்று ராசப்பன் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"மூடநம்பிக்கை!" என்று அர்த்தனாரி தானே கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். "சரி, அந்த ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. எடுக்கட்டும்."

வந்தார்கள். ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். வரப்பில் பலா பழுத்து வாசம் ஊரைத் தூக்கியது. சத்தியத்தை எடுத்தால் இன்றைக்கே வெட்டலாம். அவ்வளவுதான், தீர்ந்தது என்று செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

பொன்னாயி அவர் முகத்தைப் பார்த்தாள். "பழம் போனாப் போகுதுங்க. நா எடுக்க மாட்டேன்."

"நானுந்தானுங்க," என்றார் கருப்பண்ணன். இத்தனை வருடத்தில் இருவரும் ஒத்துப்போனது அன்றுதான்.

"அப்ப எப்பத்தான் எடுப்பீங்க?"

"சர்வேயர் வந்து அளந்தப்பறமுங்க. அவரு வந்தாத்தானுங்களே!"

அர்த்தனாரி தலையில் அடித்துக்கொண்டார். ஒரு புத்தகம் உள்ளே கிடக்கும்வரை நூலகத்தை மூடியதாகக் கணக்கு எழுத முடியாது. ஏற்றிய புத்தகங்களை இறக்கிவிட்டு ஜீப் மலையிறங்கியது.

செல்லமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து எப்போதும் போலக் கத்தினார்: "மத்தப் புத்தகமெல்லாம் சும்மாதானே கெடக்குது, வந்து சத்தியம் பண்ணுங்களே! கற்பூரம் நா வாங்கித் தாரேன்!"