பிரிக்கப்படாத பத்தொன்பது நோட்டுகள்

சபையாருக்கு வணக்கம். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஜன்னலோரம் மூன்றாவது பாயில் உட்காருகிற கிழவன் எழுதுகிறேன். நின்று பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். கூட்டத்தில் யாராவது வாசித்துவிடுங்கள்.

போன வருடம் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் என் மகள் எஸ்தருக்காக நீங்கள் ஐந்து புதன்கிழமை முழங்காலில் நின்றீர்கள். சிவில் சர்வீஸ் மெயின்ஸ் தேர்வில் அவளுக்கு ஜெயம் வேண்டும் என்று பதின்மூன்று பேர் கேட்டீர்கள். பதினான்காவது ஆள் நான். நான் அவள் தோற்க வேண்டும் என்று கேட்டேன்.

உங்கள் நடுவில், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஆமென் சொன்னேன். இதை உங்களுக்குச் சொல்லாமல் நான் செய்யும் எந்த ஸ்தோத்திரமும் பொய். ஏன் அப்படிக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்தருக்கு அப்போது முப்பத்துநான்கு முடிந்திருந்தது. எங்கள் வகுப்புக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. அடுத்த வருடம் விண்ணப்பமே போட முடியாது. அதற்கு முன் ஐந்து முறை எழுதியிருந்தாள். மூன்று முறை மெயின்ஸ் வரை போய்த் தமிழில் எழுதித் தோற்றாள். இது ஆறாவது. இதோடு கதவு மூடிவிடும்.

நான் பாசனப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். மதகடியில் தண்ணீர் மட்டத்தைக் காலையும் மாலையும் பார்த்துக் குறித்து வைப்பது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு குறிக்க எதுவும் இல்லாமல் கை சும்மா கிடந்தது. எஸ்தர் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொன்ன அன்று என் கைக்கு வேலை வந்தது. நடப்பு நிகழ்வுகள். தமிழில் எழுதுகிற பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய குறை. ஆங்கிலத்தில் மாதாமாதம் கட்டுக் கட்டாக வருகிறது. தமிழில் வருவது கொஞ்சம், அதிலும் பாதி பிழை. நானே தயாரிக்கிறேன் என்றேன். தமிழ்ப் பேப்பர் ஒன்று, ஆங்கிலப் பேப்பர் ஒன்று. ஆங்கிலச் செய்தியை அகராதி வைத்து நானே தமிழில் எழுதுவேன். தமிழ்ச் செய்தியை வெட்டி ஒட்டுவேன்.

வெட்டுவதில் ஒரு தொல்லை உண்டு. ஒரு செய்தியை வெட்டினால் அதன் பின்பக்கத்துச் செய்தி போய்விடும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அதனால் கத்தரிக்கோல் வைப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் சத்தமாகப் படிப்பேன். காதில் விழுந்தால்தான் எனக்கு எடை தெரியும். முதலில் மேட்டூர் அணையின் மட்டம், வரத்து, திறப்பு. பிறகு மற்றவை. காலை ஆறரையிலிருந்து ஏழேகால் வரை. எஸ்தர் அப்போது தலை பின்னிக்கொண்டு, இட்லி சாப்பிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவள் திருவையாற்றில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

ஒட்டுவதற்கு வீட்டு வடிகஞ்சி. அதில் பூச்சி வராமல் இருக்கத் துளி மயில்துத்தம். அவள் அம்மா இருந்தபோது சொல்லிக்கொடுத்த பக்குவம். அப்படி இருபத்தாறு நோட்டுகள் சேர்ந்தன. ஒவ்வொன்றும் இருநூறு பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நடந்து வரும்போது கேட்பேன். "இந்த வாரத்து நோட்டு?" என்பேன். "படிச்சாச்சுப்பா" என்பாள். ஒரு ஞாயிறு தவறியதில்லை.

முதல்நிலைத் தேர்வில் தேறியதும் அவள் சென்னைக்குப் போய் ஒரு விடுதியில் தங்கிப் படித்தாள். ஜூலை இரண்டாவது சனிக்கிழமை, டெல்டா பாசனம் பற்றிய நோட்டை அவளுக்குக் கூரியரில் அனுப்பலாம் என்று எடுத்தேன். பிரிக்க வரவில்லை. மொத்த நோட்டும் பலகை மாதிரி இருந்தது. கார்த்திகை மழையில் ஈரம் ஏறி, கஞ்சி இளகி, பக்கத்தோடு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. அதுகூடப் போகட்டும். கஞ்சி ஒட்டிய நோட்டை முதல் தடவை பிரித்தால் எதிர்ப்பக்கத்தில் ஒரு தோல் உரிந்த தடம் விழும். ஒவ்வொரு ஓரமாகக் கத்தி விட்டுப் பார்த்தேன். தடமே இல்லை. ஒட்டிய நாளிலிருந்து யாரும் பிரிக்கவே இல்லை.

இருபத்தாறையும் கூடத்தில் பரப்பினேன். ஏழு நோட்டுகளில் முதல் சில பக்கங்கள் மட்டும் பிரிந்தன. பத்தொன்பது நோட்டுகள் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தன.

போன் செய்தேன்.

"நோட்டைத் திறந்தியா இல்லையா?"

"இல்லப்பா."

"வாராவாரம் படிச்சாச்சுன்னு சொன்னியே. கோயில் வாசல்ல நின்னு சொன்னியே."

"அப்பா, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க."

"தமிழ்ல எழுதறவளுக்கு இதவிட்டா வேற என்ன இருக்கு? எத வெச்சு எழுதப் போற?"

"நான் இந்தத் தடவை தமிழ்ல எழுதலப்பா. இங்கிலீஷ்லதான் எழுதறேன்."

போனை வைத்துவிட்டேன். அடுத்த முப்பத்துமூன்று நாள் அவள் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை.

நான் ஏமாந்தவன். அந்த வார்த்தையை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்று மட்டும் எண்ணவில்லை. வருடக்கணக்காக விடிவதற்கு முன் எழுந்து, கண்ணாடியை இரண்டு முறை மாற்றி, அவள் தமிழில் எழுதுவாள் என்று நம்பி எழுதினேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாள். பெற்ற மகள். ஆண்டவர் மேலும் கோபம் வந்தது. அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? ஒரு கனவிலாவது காட்டியிருக்கலாமே.

அந்தப் புதன்கிழமை நீங்கள் வழக்கம்போல எஸ்தர் பெயரைச் சொல்லி ஜெபித்தீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே, இவள் தோற்கட்டும். அப்போதாவது தெரியட்டும்" என்றேன். சொன்னதும் மனசுக்கு இதமாக இருந்தது. அதுதான் பயங்கரம். அடுத்த புதனும் சொன்னேன். ஐந்து புதன்கிழமை.

நான் போனை எடுக்காததால் எஸ்தர் எதிர்வீட்டு சரோஜாவுக்குப் பேசினாள். சரோஜாவைச் சிலருக்குத் தெரியும். நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவள். நம் சபை இல்லை, ஆனால் நம் கிறிஸ்துமஸ் கேக்குக்கு முதல் ஆள். வயலிலிருந்து வந்த சேற்றுக்காலோடு வாசலில் நிற்பாள்.

"பெரியப்பா, ஒங்க பொண்ணு லைன்ல இருக்கு. புடிங்க."

"வேண்டாம்."

"எனக்கென்ன, நான் போஸ்ட்மேனா? அது அழுவுது, நான் ஆறுதல் சொல்றேன். பெத்தவரு இங்க முறுக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

"அவ என்ன ஏமாத்திட்டா சரோஜா."

"என்னத்த ஏமாத்துச்சு? நோட்டுப் படிக்கல, அதானே? எம்புருசன் முப்பது வருசமா நான் சொல்ற ஒண்ணையும் கேக்கல. நான் என்ன போனக் கட் பண்ணிட்டா இருக்கேன்?"

நான் உள்ளே போய்விட்டேன். ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, உங்களோடு ஐந்தாவது முறை முழங்காலிட்ட மறுநாள், சரோஜா மறுபடி வந்தாள். அன்று கேலி இல்லை.

"எஸ்தருக்கு நாலு நாளாக் காய்ச்சலாம் பெரியப்பா. எந்திரிக்க முடியலயாம். பரிட்சைக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்காம். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிச்சு. நான் சொல்லிட்டேன்."

நான் கேட்டது கிடைக்கப் போகிறது என்று நினைத்தேன். சபையாரே, ஜெபம் கேட்கப்படவில்லையே என்று எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன். கேட்கப்பட்டுவிடுமோ என்று பயந்து அழுதவன் நான்தான். தரையில் விழுந்தேன். "நான் கேட்டதைக் கேட்காதேயும். அவர்கள் பதின்மூன்று பேர் கேட்டதைக் கேளும். என் ஓட்டை எண்ணாதேயும்" என்றேன்.

மறுநாள் ரயிலேறினேன். தாம்பரத்தில் என் தம்பி மகன் வீட்டில் பையை வைத்துவிட்டு விடுதிக்குப் போனேன். ஆண்கள் பார்வையாளர் அறைக்கு மேல் போகக் கூடாது. எஸ்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். பாதியாகியிருந்தாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கி மூன்று முறை படித்தேன். தட்டணுக்கள் குறைந்திருந்தன, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

அங்கேயே சொல்லிவிட்டேன். "நீ தோக்கணும்னு ஜெபம் பண்ணேன்."

என்னைப் பார்த்தாள். "எத்தன தடவை?"

"அஞ்சு புதன்கிழமை."

"எண்ணிருப்பீங்கன்னு தெரியும்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையானது. பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மூணு தடவை தமிழ்ல எழுதித் தோத்தேன்பா. படிக்கிற புத்தகமெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, எழுதும்போது மனசுக்குள்ள மொழிபெயர்த்து மொழிபெயர்த்து நேரம் போயிடுது. மாத்திக்கிட்டேன். ஒங்ககிட்ட சொல்லத் தைரியம் இல்ல. அது தப்புதான். ஆனா நோட்டு விஷயத்துல நான் பொய் சொல்லல. நீங்க வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் சத்தமாப் படிப்பீங்களே, நான் தல பின்னிக்கிட்டே அத்தனையும் கேட்டுடுவேன். நோட்டுல ஒரு பக்கம்தான இருக்கும்? எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும். அப்புறம் எதுக்குத் திறக்கணும்?"

உண்மையைச் சொன்னால், நான் நம்பவில்லை. சமாளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"பையில பேப்பர் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"படிங்கப்பா. கண்ணு எரியுது. என்னால ஒரு வரி படிக்க முடியல."

கேள்வித்தாள் எப்போதோ அச்சாகியிருக்கும். அன்றைய செய்தி எதுவும் அந்தத் தேர்வில் வரப் போவதில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் மேட்டூர் மட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு செய்தி முடிந்ததும், இது எந்தச் சட்டத்தோடு சேரும், போன வருடம் இதே விஷயத்தில் என்ன நடந்தது என்று அவளே சொன்னாள். தேர்வு வரை தினமும் போனேன். மூன்றாவது நாளில் விடுதிப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "அங்கிள், விளையாட்டுச் செய்தியும் படிங்க" என்றாள்.

காய்ச்சல் திங்கட்கிழமை இறங்கியது. வெள்ளிக்கிழமை அவள் தேர்வு அறைக்கு நடந்து போனாள். மாத்திரையால் இறங்கியது என்று டாக்டர் சொல்வார். நான் சண்டை போட மாட்டேன். மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தவன் நான்தான். ஆனால் நான் ஐந்து முறை கேட்டது நடக்கவில்லை, ஒரே முறை கேட்டது நடந்தது. இந்தக் கணக்கை எந்த டாக்டரும் போட முடியாது.

மெயின்ஸில் தேறினாள். நேர்காணலுக்கு டெல்லி போனாள். நேர்காணல் அன்று காலை ஆறரைக்குப் போன் செய்தாள். "அப்பா, மட்டம்?" என்றாள். வாசித்தேன். இந்த நேரத்தில் இது எதற்கு, போய் நல்லபடியாகப் பதில் சொல் என்று எரிந்து விழுந்தேன்.

திரும்பி வந்ததும் ஒரு தாளை என் கையில் கொடுத்தாள். மெயின்ஸுக்கு முன்னால் நிரப்பி அனுப்புகிற விரிவான விண்ணப்பத்தின் நகல். அதில் பொழுதுபோக்கு என்ற இடம் உண்டு. நேர்காணலில் அதை வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்பதால் பிள்ளைகள் ரொம்ப யோசித்து எழுதுவார்கள். எஸ்தர் அதில் எழுதியிருந்தாள்: தந்தை செய்தித்தாள் வாசிக்கக் கேட்பது.

நேர்காணலில் இருந்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்களாம். எதிலிருந்து வாசிக்க ஆரம்பிப்பார் என்று கேட்டார்களாம். அணை மட்டத்திலிருந்து என்றாளாம். சிரித்துவிட்டு, இன்றைக்கு எவ்வளவு என்றார்களாம். சொன்னாளாம். அதிலிருந்து காவிரி, குறுவை, கடைமடை என்று பேச்சு போயிருக்கிறது. எல்லாம் நான் எப்போதோ வெட்டித் தள்ளியவை. சில, வெட்டும்போது போய்விட்ட பின்பக்கங்கள்.

நான் தாளின் அடியில் தேதியைத் தேடினேன். கைப்பழக்கம். அதை அவள் அனுப்பியது, நான் நோட்டைத் திறந்து பார்த்ததற்கு ஒன்பது நாள் முன்பு. நான் அவளைப் பொய்க்காரி என்று சொல்வதற்கு ஒன்பது நாள் முன்பே, கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவள் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இறுதிப் பட்டியலில் அவள் பெயர் கீழ்ப்பாதியில் இருந்தது. கலெக்டர் வேலை இல்லை, தபால் பணி. இப்போது பயிற்சியில் இருக்கிறாள். ஆங்கிலத்தில் எழுதியதை என்னிடம் மறைத்தது இன்னும் வலிக்கிறது. சாட்சி சொல்லும்போது எல்லாம் ஆறிவிட்டது என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. ஆறவில்லை. அதற்கும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது நோட்டுகளும் அலமாரியில் ஒட்டியபடியே இருக்கின்றன. இப்போது அவற்றைப் பார்த்தால் கோபம் வருவதில்லை. காலை ஆறரைக்குப் போன் அடிக்கிறது. மட்டத்தைப் படிக்கிறேன்.

உங்களில் யாருக்காவது பெற்ற பிள்ளை மேலோ, ஆண்டவர் மேலோ, நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் இருக்கலாம். நம் கண்ணுக்கு ஒரு பக்கம்தான் தெரிகிறது. நான் தேதியைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அதற்குள் முப்பத்துமூன்று நாள் என் மகள் குரலைக் கேட்காமல் கெடுத்துக்கொண்டேன். நீங்கள் அந்தத் தாள் கைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். முதலிலேயே நம்பிவிடுங்கள்.

உங்கள் நடுவில் இருந்துகொண்டு உங்கள் ஜெபத்துக்கு எதிராக நின்றதற்கு என்னை மன்னியுங்கள். இந்தப் புதன்கிழமை வருகிறேன். யாருக்காக ஜெபித்தாலும் சரி, இந்த முறை என்னையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். பதினான்கு பேர்.